பின்மலைக் காவல்

கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கிற பானையை அடுப்பிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போவதை அதுவரை நான் பார்த்ததில்லை. குண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஹுங்நாம் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாமல் தண்ணீரில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் காலையில் போங்னியோவின் அலுமினியப் பானையை நாலு பேர் வந்து தூக்கியபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. வந்தவர்கள் திருடர்களாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கறுப்பு வலைத் தொப்பி வைத்த, ஊரில் மதிப்பான ஆட்கள். தொண்டையைச் செருமி, "கோவிச்சுக்காதம்மா, இது வழக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினார்கள்.

முன்னால் நின்றவர் ஓக் தோக்சு. போங்னியோ குடியிருந்த அறைக்குச் சொந்தக்காரரும் அவரேதான்.

போங்னியோவைப் போல நானும் வந்தேறிதான். அந்தக் குளிர்காலத்தில் போருக்குத் தப்பி வடக்கேயிருந்து கப்பல் கப்பலாக வந்து கோஜே தீவில் இறங்கிய கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். தீவில் எத்தனை பேர் இருந்தார்களோ ஏறக்குறைய அத்தனை பேர் ஒரே வாரத்தில் வந்து இறங்கினோம். வீட்டுக்கு ஓர் அறை விடவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அறை இல்லாத வீட்டில் மாட்டுக்கொட்டகை. எங்களுக்குக் கிடைத்தது தோக்சு வீட்டுக்கு அடுத்த வீட்டின் கொட்டகை. நடுவில் இடுப்பளவு கல்சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தில் யாரும் எங்களை வெறுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சிலர் எங்கள் வருகையில் ஆதாயம்கூடப் பார்த்தார்கள். பார்லி வயலுக்கு உரம் வேண்டும், உரம் மனிதர்களிடமிருந்து வரும். எங்கள் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "தம்பி, நீங்க எங்க வேணாலும் போயிச் சாப்பிடுங்க. மத்த காரியத்துக்கு மட்டும் நம்ம வீட்டுக்கே வந்துருங்க. அடுத்த வீட்டுக்குப் போயிறாதீங்க." நான் வெட்கத்தில் தலையாட்டினேன். என் மனைவிக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அப்புறம் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு விலை ஏறியது. வடக்கத்தியார் பாதிக் கூலிக்கு வேலைக்குப் போனோம். வேறு என்ன செய்வது? காட் மீன் படகு வைத்திருந்த கில்யோங் ஊர் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் ஆட்களை ஏற்றினார். தோக்சு இருபது வருஷமாக வலை இழுத்த படகு அது. அவருடைய இடத்தில் ஏறியவன் போங்னியோவின் புருஷன் கிசோப். யாருடைய இடம் என்று ஏறும்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு இறங்கினால் கைக்குழந்தைக்கும் பெண்டாட்டிக்கும் சோறில்லை.

தோக்சு அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு மலை இருந்தது.

ஊருக்குப் பின்னால் இருந்ததால் அதற்குப் பின்மலை என்றே பெயர். ஏழு தலைமுறையாக மலைச்சங்கம் என்று ஒன்று அதைக் காத்துவந்தது. வருஷத்தில் ஒரு தடவை, அறுவடை முடிந்ததும், மலை திறக்கும். எல்லா வீட்டாரும் ஏறிச் சருகு வாரலாம், தாழ்ந்த கிளை கழிக்கலாம். மற்ற நாளில் ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது. பச்சை பைன் மரத்தை வெட்டினால் தண்டனை அடியோ அபராதமோ இல்லை. சங்கம் வந்து அந்த வீட்டு அடுப்பில் பதித்த இரும்புக் கொப்பரையைப் பிடுங்கிப் போகும். கொப்பரை போன அடுப்பில் சோறு பொங்காது, தரைக்கடியில் ஓடி அறையைச் சூடாக்குகிற தீயும் ஓடாது. அப்புறம் அது வீடே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில்கூடப் போலீசுக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயந்தார்கள். பல வருஷமாக மலைக்குக் காவல் தோக்சு. சம்பளம் கிடையாது. திருவிழாவில் மக்கோலி என்கிற அரிசிக்கள்ளில் முதல் கிண்ணம் அவருக்கு, அவ்வளவுதான்.

புது வருஷம் கழிந்து பனி இளகியதும் அவர் ஒருநாள் முகம் வெளுத்து இறங்கி வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"மேல் வரிசையில மரம் போயிருக்கு மால்சுன். வெட்டிட்டு, அடிக்கட்டை மேல மண்ணப் போட்டுச் சருகு தூவி வச்சிருக்காங்க. தெரியாதாம் எனக்கு."

"எத்தனை?"

"எண்ணல. எண்ண மனசு வரல."

"வடக்கத்தியா இருக்கும்," என்றாள் மால்சுன் அக்கா. "அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். விடுங்க, சாப்பிடுங்க."

ஊரே அதைத்தான் சொன்னது. கிணற்றடியில் நாங்கள் போனால் பேச்சு நின்றுபோகும். வீட்டுக்கார அம்மாக்கள் எங்கள் விறகுக் குவியலை எண்ணிப் பார்ப்பார்கள். தோக்சு அப்படியெல்லாம் செய்யவில்லை. அவர் புகையைப் பார்த்தார். பச்சை பைன் எரிந்தால் புகை கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு எழும்பும். தினமும் விடியலில் மலைச்சரிவில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக் கூரையாகப் பார்த்தார். கடைசியில் கறுப்புப் புகை எழுந்தது அவர் வீட்டு முற்றத்திலிருந்தே. அங்கே மூன்று கல்லைக் கூட்டி வைத்துப் போங்னியோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மழைத்தூறலுக்கு ஒரு கோரைப்பாயைத் தலைமேல் பிடித்திருந்தாள்.

கில்யோங்கையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கில்யோங்தான் சங்கத் தலைவர். தோக்சு குனிந்து ஒரு விறகை எடுத்து முகர்ந்தார்.

"இது பச்சை மரம். பால் இன்னும் காயல."

"சந்தையில வாங்கினதுங்க அண்ணே."

"யாருகிட்ட?"

போங்னியோ குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"சொல்லும்மா. வித்தது யாரு?"

"முகத்துல துண்டு கட்டியிருந்தாங்க. குளிருக்கு எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தானே கட்டுறாங்க."

"உம் புருஷன் மலைப்பக்கம் போனானா?"

"அவருக்கு ஏதுங்க நேரம்? விடியுமுன்னே படகுக்குப் போறாரு. நீங்க போயிக்கிட்டிருந்த..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பச்சை மரம், காஞ்ச மரம்னு எங்களுக்கு என்னங்க தெரியும்? ஊர்ல நாங்க நிலக்கரிதான் எரிச்சோம். அவரு உரத் தொழிற்சாலையில இருந்தாரு, மாசாமாசம் கரி குடுத்துருவாங்க. இது எரியவே மாட்டேங்குது, ஒரே புகை. நல்லா ஏமாந்துட்டோம்னு நானே நொந்துக்கிட்டிருக்கேன்."

தோக்சு தயங்கினார். அதை நான் பார்த்தேன். கில்யோங்கிடம் திரும்பி, "இது என் வீட்டு முற்றம். வழக்கப்படி பார்த்தா என் கொப்பரையத்தான் எடுக்கணும்," என்றார்.

"என்னத்த உளறுற?" என்றார் கில்யோங். "அவ தனியா அடுப்பு கூட்டியிருக்கா. தனி அடுப்புன்னா தனி வீடு. அவ பானையத் தூக்கு, விஷயம் முடிஞ்சுது. ஊருக்கும் ஒரு பயம் வரும்."

மால்சுன் அக்கா சமையலறை வாசலில் அகப்பையோடு நின்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. நல்ல மனசு, இந்தப் பெண்ணுக்காக எப்படிக் கலங்குகிறாள் பார் என்று நினைத்துக்கொண்டேன். சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "கஞ்சியையாவது இதுல ஊத்திக்கட்டும்!"

"உள்ள இருக்கிறதோடதான் போகணும்," என்றார் தோக்சு. "வழக்கம் அது."

இரண்டு பேர் துணியைச் சுற்றிக் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். கஞ்சி தளும்பிச் சிந்தியது. போங்னியோ அழுவாள், கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் பாயைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூன்று கல்லுக்கு நடுவில் கறுப்பாகப் புகை வந்துகொண்டே இருந்தது. மழை அதை அணைக்கவும் இல்லை.

சாயங்காலம் கிசோப் வந்தான். அன்றைக்குக் கூலியோடு ஒரு காட் மீன் தலையும் கொடுத்திருந்தார்கள். பெண்டாட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு மீன் தலையைப் பிடித்தபடி முற்றத்திலேயே நின்றான். பிறகு தோக்சுவின் அறை வாசலுக்குப் போனான்.

"அண்ணே, இத உங்க கொப்பரையில போட்டுக்கலாமுங்களா? எல்லாரும் சேந்து சாப்பிடலாம். எங்ககிட்டத்தான் பானையில்ல."

குத்திக்காட்டினானா, நிஜமாகவே கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. மால்சுன் அக்கா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். முள்ளங்கி போட்டுச் சாறு வைத்தாள். எனக்கும் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வந்தது. நான் கிண்ணத்தோடு அந்தப் பக்கமே தாண்டிப் போய் உட்கார்ந்தேன், சண்டை வந்தால் விலக்கிவிடலாம் என்று.

சண்டை வரவில்லை. கிசோப் குடித்துக்கொண்டே பேசினான்.

"துறைமுகத்துல ஒரு மூட்டைகூடக் கூடாதுன்னுட்டாங்க அண்ணே. ஆள் மட்டும் ஏறு, ஆள் மட்டும் ஏறுன்னு கத்துறான். நான் எல்லாத்தையும் போட்டுட்டேன். எங்கம்மா படம் ஒண்ணு இருந்துச்சு, அதையும்தான். இவ என்ன செஞ்சா தெரியுமா? பானையத் தலையில கவுத்து, மேல முக்காடு போட்டுக்கிட்டா. கப்பல் ஏத்திவிட்ட அமெரிக்கன் பார்த்தான். இரும்புத் தொப்பி போட்ட பட்டாளத்துக்காரின்னு நினைச்சானோ என்னவோ, சல்யூட் அடிச்சான்!"

நான் சிரித்துவிட்டேன். கிசோப்பும் சிரித்தான். போங்னியோ, "சும்மா இருங்க" என்றாள்.

"கப்பல்ல அந்தப் பானையிலதான் எல்லாரும் தண்ணி குடிச்சோம். வேற எதுக்கெல்லாமோகூட ஆச்சு, சாப்பிடுற நேரத்துல எதுக்கு."

தோக்சு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "யாரு வித்ததுன்னு உம் பொண்டாட்டி சொல்லியிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேன்."

"அவளுக்குத் தெரியாதுங்கறாளே."

"தெரியும். கண்ணப் பார்த்தாலே தெரியுது. பரவாயில்ல. நானே சந்தைக்குப் போயிப் பார்த்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு அந்தப் பாழாப்போன சந்தை?" என்றாள் மால்சுன் அக்கா. "வடக்கத்தி ஆளுங்க சந்தைல கால் வைக்க மாட்டேன்னவரு. எவளோ வித்தா, எவளோ வாங்கினா. எடுத்தது எடுத்தாச்சு. இனிமே பயந்துக்கிட்டு மலைக்குப் போகமாட்டாங்க."

"அந்தப் பொண்ணு தப்புப் பண்ணலைன்னா நான் பண்ணினது தப்பு."

"ஆமா, உலகத்துல இதுவரைக்கும் யாரும் தப்பே பண்ணல. ஜோங்சு அங்க கெடக்கான். அதுக்கு ஒரு வழி யோசிக்கத் தெரியல. கட்டையில பால் வடியுதா பாக்கத்தான் தெரியுது."

ஜோங்சு அவர்களுடைய ஒரே மகன். போர்முனையில் காலில் அடிபட்டுப் பூசானில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தான். எல்லோர் கிண்ணத்திலும் சாறு ஆறிப்போயிற்று.

ஜாங்சுங்போ துறைமுகத்தில் எங்கள் ஆட்கள் உண்டாக்கியது அந்தச் சந்தை. பழைய கோட்டு, தகர டப்பா, ஊசி, மருந்து, என்னவெல்லாமோ கிடைக்கும். நானும் என் மனைவியும் சர்க்கரைவள்ளி மாவில் நூடுல்ஸ் பிழிந்து விற்றோம். பட்டாளத்துக்காரனும் வாங்குவான், படகுக்காரனும் வாங்குவான். பனிக்காலத்தில் எங்களைப் போன்ற ஆயிரம் அடுப்பு அங்கே எரிந்தது. அதனால் விறகுதான் ராஜா. ஒரு கட்டு விறகுக்கு ஒரு கோழி என்ற நிலைமை. விறகு விற்கும் பெண்கள் கடலோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைத் துண்டால் மூக்குவரை மூடியிருப்பார்கள்.

தோக்சு முதுகில் மாட்டிய மரச்சட்டத்தில் கிழங்கு மூட்டையோடு வந்தார். விற்க வந்தவர் மாதிரி ஒரு பாவனை. என் மனைவி அவரைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"அண்ணே! வாங்க வாங்க, ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுப் போங்க. சூடா இருக்கு. காசு வேணாம்."

"அப்புறம் வர்றேன்மா."

"அப்புறம் ஆறிரும் அண்ணே! உக்காருங்க!" என்று சட்டத்தையே பிடித்து இழுத்தாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் விழித்தேன். தினமும் விறகு வாங்குகிறவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை.

தோக்சு அவள் கையை விலக்கிவிட்டு வரிசையின் ஒரு முனைக்குப் போனார். முதல் விறகுக்கட்டின் மேலே இருந்த சருகை விலக்கி, உள்ளிருந்து ஒரு விறகை உருவினார். பச்சை. உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். துண்டுக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதும். கில்யோங்கின் மனைவி. அடுத்தவள் என் வீட்டுக்காரம்மா, நான் கொட்டகையில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. அதற்கடுத்தவள் மேட்டுவீட்டு மருமகள். ஒவ்வொரு கட்டாக விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தியும் எழுந்து ஓடவில்லை, ஓட எங்கே இடம்? ஒருத்திகூட வடக்கத்தி இல்லை. நான் அடுப்பை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் உட்கார்ந்திருந்தவள் அவர் வருவதற்கு முன்பே துண்டை அவிழ்த்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள் மால்சுன் அக்கா. "உருவிப் பாக்க வேணாம். பச்சைதான்."

"சிப்பி விக்கப் போறேன்னியே."

"சிப்பியும் வித்தேன். அதுல ஒரு முட்டைகூட வாங்க முடியாது. கத்தாதீங்க, ஆளுங்க பாக்குறாங்க."

அவர் கத்தவே இல்லை.

"படகுல எடம் போச்சு. பார்லி புது வருஷத்தோட தீந்துது. ஜோங்சு கால்ல புழு வைக்குதுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு பையன் வந்து சொன்னானே, அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க? மலைக்குப் போயி உக்காந்துட்டீங்க. நான் பூசானுக்குப் போனேன். கோழி ஆக்கிப் போட்டேன், அங்க இருக்கிற நர்சுக்கும் ஒண்ணு குடுத்தேன், கட்டு மாத்தச் சொல்லி. இப்பக் காலு இருக்கு. எங்கேருந்து வந்துச்சு அந்தக் கோழின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அந்தப் பொண்ணுக்கு வித்தது..."

"நான்தான். பக்கத்துலயே இருக்காளேன்னு கொஞ்சம் கம்மி விலைக்குத் தந்தேன்." அவள் உதடு கோணியது. "நீங்க அடிச்சுக் கேட்டாக்கூட அவ சொல்லியிருக்க மாட்டா. சொன்னா அறை போயிரும்ல? நான் வாசல்ல நின்னேன். வாயத் தொறக்கல. எனக்குப் புள்ள இருக்கான், அவளுக்குப் பானைதானே போச்சுன்னு நின்னேன். போதுமா?"

தோக்சு திரும்பி நடந்தார். என் கடைப் பலகைவரை வந்து உட்கார்ந்துவிட்டார். என் மனைவி சூடான சாற்றைக் கையில் கொடுத்தாள். கிண்ணத்தைப் பிடித்திருந்தாரே தவிர வாயருகே கொண்டுபோகவில்லை. "எல்லாருமா?" என்று என்னைக் கேட்டார். "நான் மேல உக்காந்து புகையப் பார்த்துக்கிட்டிருந்தேன். வெட்டி வித்துட்டா அவங்க வீட்டுல எப்படிப் புகை வரும்?" எனக்கும் அந்த யோசனை வந்திருக்கவில்லை. கிழங்கு மூட்டையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

நாங்கள் பின்னாலேயே கடையைக் கட்டிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது அவர் மண்வெட்டியின் பின்புறத்தால் தன் வீட்டு அடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். கொப்பரையைச் சுற்றிப் பூசியிருந்த களிமண் பாறையாக இறுகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் செதில் செதிலாகக் கருகல் விழுந்தது. ஒரு பக்கம் விரிசல் விட்டதும் விரலை உள்ளே விட்டு நெம்பினார். மால்சுன் அக்கா விறகுக் கட்டைச் சந்தையிலேயே போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ, புத்தி கெட்டுப் போச்சா? எடுத்துட்டா நாம இந்த ஊர்ல யாரு? நம்ம புள்ள வந்து எந்த அறையில படுப்பான்?"

"எங்க சித்தப்பா வீட்டுக் கொப்பரைய நான்தான் எடுத்தேன்," என்றார் தோக்சு, நெம்புவதை நிறுத்தாமல். "சித்தி கால்ல விழுந்தா. ஒரு மரம்தான், பொண்ணு கல்யாணத்துக்குப் பொட்டி செய்ய. நான் எடுத்தேன். மஞ்சூரியாவுக்குப் போயி அங்கயே செத்தாங்க எல்லாரும். இப்ப எம் பொண்டாட்டின்னதும் வேற வழக்கமா? அப்ப அவங்கள எதுக்குச் சாகடிச்சேன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போங்னியோ குழந்தையோடு சமையலறை வாசலை மறித்து நின்றாள். "அண்ணே, எம் பானைக்காக இப்படிச் செய்யாதீங்க. இப்படியெல்லாம் ஆயிரக்கூடாதுன்னுதான் நான் வாயே தொறக்கல."

"உம் பானைக்காக இல்லம்மா. நகரு."

என்னையும் அப்போதுதான் படகிலிருந்து வந்த கிசோப்பையும் ஒரு கை கொடுக்கச் சொன்னார். கிசோப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நானும் நகரவில்லை. கடைசியில் அவரே கொப்பரையை உருட்டிச் சட்டத்தில் சாய்த்து, மண்டி போட்டு எழுந்தார். முதுகெல்லாம் கரி. அடுப்பில் கிணறு மாதிரி ஒரு ஓட்டை. உள்ளே இன்னும் கங்கு இருந்ததால் புகை வீடு முழுக்கப் பரவியது.

போங்னியோவும் நாங்களும் பின்னாலேயே போனோம். கில்யோங் வீட்டு முற்றத்தில் நாலைந்து ஆண்கள் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். தோக்சு கொப்பரையை நடுவில் இறக்கினார். யாரையும் கேட்காமல் சாமான் அறைக்குள் போய்ப் போங்னியோவின் பானையை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். அடியில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னடா இது?" என்றார் கில்யோங்.

"வெட்டினது எம் பொண்டாட்டி. சங்கத்துல வச்சுக்க."

"பைத்தியக்காரா, தூக்கிட்டுப் போ. வீட்டுல பேசித் தீத்துக்க வேண்டியதுக்கு..."

"உங்க வீட்டுக் கொப்பரைய எப்ப எடுக்கலாம்னு சொல்லு. மதினியும் அதே வரிசையிலதான் உக்காந்திருந்தாங்க." வலையோடு இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "உன் வீடு. உன் வீடு. உன் மருமக. எல்லாரையும் பார்த்தேன். நாளைக்குக் காலையில நீங்களே கொண்டாந்து வச்சிருங்க. நான் வந்து பிடுங்குற மாதிரி வைக்காதீங்க."

நான் சுவரோரம் நின்று அந்த முகங்களைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வெட்கம் வரும் என்று நினைத்தேன். இரண்டும் வரவில்லை. ஒவ்வொருவரும் மற்றவனை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் மட்டும்தான் திருடுகிறேன் என்று இதுவரை நினைத்தவர்கள் அவர்கள். நீயுமா என்று இப்போதுதான் தெரிந்தது. கில்யோங் மட்டும் வலையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "எல்லா வீட்டுக் கொப்பரையும் போச்சுன்னா சங்கத்துல யாரு இருப்பா தோக்சு?"

தோக்சு வெறும் சட்டத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

காலையில் பனிமூட்டம். தோக்சு வாசலில் உட்கார்ந்திருந்தார், கொப்பரைகள் வருமென்று. முதலில் ஒரு சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. கோடரி. அப்புறம் ரம்பம். மூட்டத்துக்குள்ளேயிருந்து மரம் முறிந்து விழும் சத்தம் வந்ததும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிவு முழுக்கச் சத்தம். தோக்சு செருப்பில்லாமல் ஓடினார்.

நாங்கள் மலையடியில் போய் நின்றோம். வடக்கத்தியார் அத்தனை பேரும் நின்றோம். மூட்டம் விலக விலகத் தெரிந்தது. ஊரே மேலே இருந்தது. கில்யோங்கும் அவர் மகன்களும், மேட்டுவீட்டார், என் வீட்டுக்காரம்மா, நேற்று முகத்தை மூடியிருந்த பெண்கள் எல்லோரும், இன்றைக்கு முகத்தில் துண்டு இல்லாமல். மற்றவன் வெட்டிவிடுமுன் தான் வெட்டிக்கொள்ள, ஆளுக்கொரு வரிசை பிடித்து மேலே போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை. அறுவடை நாளில்கூட அந்த ஊர் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"நாமளும் போலாமா?" என்றான் கிசோப். "எல்லாந்தான் போகுதே."

"போகாதீங்க," என்றாள் போங்னியோ. "ஒரு குச்சி எடுத்தாலும் நாமதான் வெட்டினோம்னு ஆயிரும்."

அவள் சொன்னது பாதி சரி. ஒரு குச்சியும் எடுக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்குக் கேட்டாலும் வடக்கத்தியார் வந்து பின்மலையை மொட்டையடித்தார்கள் என்பார்கள். அப்போது பிறக்காத பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நான் இந்த ஊர்ப் பேச்சுப் பேசி, இந்த ஊர்ச் சாராயம் குடித்து, இந்த ஊரில் பேரன் எடுத்தவன். எனக்கு எதிரிலேயே சொல்வார்கள்.

தோக்சுவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து நான் மட்டும் பின்னால் ஏறினேன். அவர் ஒவ்வொருவராகப் போய் நின்றார். "டேய், நிறுத்துடா. கில்யோங், நிறுத்தச் சொல்லு," என்றார். யாரும் அவரை வையவில்லை. அதுதான் பயங்கரம். கில்யோங்கின் பெரிய மகன் மரியாதையாகத் தலைகுனிந்து, "சித்தப்பா, கொஞ்சம் ஒதுங்குங்க, மரம் விழுது," என்றான். விழுந்தது. அவர் ஒதுங்கினார். அடுத்த ஆளிடம் போனார்.

உச்சி வரிசையில் அவருடைய அப்பா சமாதி. புல் மேடு. அதற்கு மேலே இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஒரு பைன். அதனடியில் மால்சுன் அக்கா மண்டியிட்டிருந்தாள். இருவர் இழுக்கிற ரம்பத்தை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தாள். ரம்பம் வளைந்து வளைந்து சிக்கியது. உள்ளங்கை பிய்ந்து கைப்பிடியெல்லாம் ரத்தம்.

"நீயுமா?" என்றார்.

"கில்யோங் பசங்க இந்த வரிசையத்தான் பிடிச்சு வர்றாங்க. நான் வெட்டலைன்னா அவங்க வெட்டுவாங்க."

"கொப்பரை இல்லாத வீட்டுக்கு விறகு எதுக்குடி?"

"விக்கிறதுக்கு."

"யாருக்கு விப்ப? அத்தனை பேரும் இன்னைக்கு விக்கத்தான் போறாங்க. சும்மா குடுத்தாலும் எடுக்க ஆள் இருக்காது."

"தெரியும்," என்றாள். மூச்சு வாங்கியது. "எல்லாம் தெரியும். நீங்க அப்புறம் நம்ம ஜோங்சு முகத்தப் பார்த்துச் சொல்லுங்க, ஊருக்கெல்லாம் கெடச்சுது, நமக்கு ஒரு மரம்கூட இல்லன்னு. ஒத்தையில இழுக்க முடியல. பிடிக்கிறதுன்னா பிடிங்க. இல்லன்னா போயிருங்க."

கீழ் வரிசையில் கில்யோங்கின் மகன்கள் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்தார்கள். இந்த மரத்தைப் பார்த்து ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான். தோக்சு அவர்களைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? எனக்கு அந்த மலையில் பேச உரிமையில்லை. கரி படிந்த அதே கையால் அவர் ரம்பத்தின் மறுபிடியைப் பற்றி உட்கார்ந்தார்.

"இப்படி இழுக்காத," என்றார். "இந்தப் பக்கம் அறுத்தா அப்பா மேல சாஞ்சுரும். முதல்ல சமாதிக்கு எதிர்ப்பக்கமா வாய் வெட்டணும், வெட்டின பக்கம்தான் மரம் சாயும்."

மால்சுன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாள். ரம்பம் சிக்காமல் ஓட ஆரம்பித்தது. கில்யோங்கின் மகன்கள் அடுத்த மரத்துக்குப் போனார்கள். வெகு நேரம் ஆயிற்று. மரம் அவர் சொன்ன பக்கமே விழுந்தது, சமாதிக்கு ஒன்றும் ஆகவில்லை.